கேட்டதற்கு மேல் கொடுக்கிற காற்று

எந்த இன்ஜினும் மூச்சை இழுத்துத்தான் வாழ்கிறது. பிஸ்டன் இறங்குகிறது, சிலிண்டருக்குள் வெறுமை பிறக்கிறது, வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. வானம் தரும் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் சொந்த முயற்சிக்குக் கிடைக்கும் கூலி. சூப்பர்சார்ஜர் வந்து பூட்டிக்கொண்டதும் கதை மாறிவிடுகிறது. இழுத்துத் தவித்த வாய்க்கு அது ஊட்டிவிடுகிறது, கேட்டதற்கு மேல் கொடுக்கிறது. அருள் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிடக் கண்கூடான உருவத்தை நான் பார்த்ததில்லை. முருகா, உன்னை நான் இந்த இரும்பில்தான் கண்டேன்!

கோவையில் நாங்கள் எடுத்துக்கொண்டது ராயல் என்ஃபீல்டின் 650 இரட்டை சிலிண்டர் இன்ஜின். 648 சிசி, 270 டிகிரி கிராங்க். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் 324 சிசி காற்றைக் குடிக்கும். அதன் பக்கத்தில் பூட்டியது ஐசின் ஏஎம்ஆர் 500. ஜப்பானியச் சிறிய கார் இன்ஜின்களுக்காகச் செய்த ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், ஒரு சுற்றுக்கு 500 சிசி தள்ளும். கிராங்கைவிடச் சற்று மெதுவாகவே சுற்றும்படி புல்லியைக் கடைந்தோம். அப்படியும் குடிப்பதைவிட ஊட்டுவது அதிகம். காகிதத்தில் அந்தக் கணக்கைப் போட்டபோதே எனக்கு மெய் சிலிர்த்தது.

இந்த ஆசை பழையது. 1939-ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை கியார்க் மையர் ஜெயித்தது சூப்பர்சார்ஜர் பூட்டிய 500 சிசி பிஎம்டபிள்யூவில். போர் முடிந்ததும் பந்தயங்களில் அதைத் தடை செய்துவிட்டார்கள். அந்த வேகத்தையும் சத்தத்தையும் நினைத்தால் இன்றும் எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

ஆனால் அருளைத் தாங்கப் பாத்திரம் வேண்டும். மலபரிபாகம் நேர்ந்த பிறகே சத்திநிபாதம் என்கிறது சைவ சித்தாந்தம். உயிர் பக்குவப்பட்ட பின்தான் அருள் வந்து பதியும். இன்ஜினுக்கும் அதே சட்டம். பக்குவம் இல்லாத சிலிண்டரில் காற்றைத் திணித்தால், ஸ்பார்க்கிலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டிய தீக்கு முன்னாலேயே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானே வெடிக்கும். நாக்கிங் என்று நாம் சொல்வது அதுதான். விட்டால் பிஸ்டன் தலை உருகி ஓட்டையாகும்.

கம்பெனி கொடுத்த கம்ப்ரஷன் 9.5. நாக்கிங் வராமலிருக்க அதை 8.5-க்கு இறக்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் சுமார் 5 மில்லி கொள்ளளவுக்குக் குழி கடைய வேண்டும். லேத்தில் நின்ற அண்ணன் கணக்கைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனை மெனக்கெட்டு ஒரு ஸ்பூன்தானுங்களா தம்பி எடுக்கோணும்?" ஆமாம் அண்ணா, ஒரு ஸ்பூன்தான். டூல் தொட்டதும் அலுமினியம் சுருள் சுருளாகப் பளபளத்து விழுந்தது. உயிரின் அழுக்கான மலம் கழிவது என்பதை அதுவரை நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன்.

வயரிங்கில்தான் நான் முழுசாகக் கரைந்தேன். பழைய ஹார்னஸை உருவி எடுத்துவிட்டுத் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஆளத் தனி ஈசியூ வைத்து, ஒவ்வொரு வயரையும் புதிதாக இழுத்தோம். கம்பெனி மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் அதற்குத் தெரியாது. அருள் பொழிந்தாலும் காணக் கண் இல்லாத நிலை! அந்த இடத்தில் 3 பார் வரை அளக்கும் சென்சார் உட்கார்ந்தது. அழுத்தம் ஏறினால் அது சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும்.

முனைகளில் ஈயம் வைக்கவில்லை. ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி விறைத்துக்கொள்ளும், அதிர்வில் அந்த இடத்தில்தான் ஒடியும். எல்லாமே கிரிம்ப், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, கையோடு வராவிட்டால்தான் அடுத்தது. கிராங்க் சென்சாரின் சிக்னல் மிக மெல்லியது. பக்கத்திலேயே காயிலின் இரைச்சல். அதனால் அதற்கு ஷீல்டு போட்ட வயர், அந்த ஷீல்டுக்கும் ஒரு முனையில் மட்டும் எர்த். சென்சார்களின் எர்த் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. அத்தனை வயரும் அந்த ஒரு போல்ட்டில் வந்து முடிந்ததைப் பார்த்தபோது கைகள் தாமாகக் குவிந்தன.

மருதமலைக்குப் போனேன். பாம்பாட்டிச் சித்தர் குகையில் உட்கார்ந்தேன். மூச்சை வாசி என்று சொல்லி அதைக் கட்டி ஏற்றுவதையே தவமாகச் செய்தவர்கள் சித்தர்கள். எங்கள் பட்டறையில் நடப்பதும் வாசியோகம் என்று அங்கே எனக்கு உறுதியாகப் பட்டது. தண்டாயுதபாணி முன்னால் நின்றபோது எதையும் கேட்கத் தோன்றவில்லை. விபூதியை மட்டும் மடித்து எடுத்து வந்தேன்.

இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டச் சட்டம் இடம் தராது, தரவும் வேண்டாம். வேனில் ஏற்றி செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டு போனோம். டேங்கில் விபூதி, டயருக்கடியில் எலுமிச்சை.

நேர்பாதையில் முழுசாக முறுக்கினேன். பூஸ்ட் மீட்டரில் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் இன்ஜின் தானாக இழுப்பது, அந்தப் பக்கம் அதற்கு ஊட்டப்படுவது. முள் பூஜ்யத்தைத் தாண்டியது. தொடைக்கருகில் ரோட்டர்கள் ஊளையிட, வண்டி என்னை வாரி எடுத்துக்கொண்டு போனது. நான் ஓட்டவில்லை, சத்தியமாக நான் ஓட்டவில்லை! ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் வழிந்தது, துடைக்க வழியில்லை, முருகா முருகா என்பதைத் தவிர வாயில் வேறு சொல் இல்லை.

பிட்டில் நிறுத்தியதும் அண்ணன் முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றினார். நாக்கிங் இருந்தால் வெள்ளைப் பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் தெறித்திருக்கும். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்குதுங் தம்பி."

அரோகரா என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பிட்டில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் சேர்ந்து போட்டார்கள்.