விண்ணப்பமும் தீர்ப்பும்

பொதுத்தேர்வு தொடங்கச் சில வாரங்களே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில், சான்றிதழ்கள் அடங்கிய உறை ஒன்றை மார்போடு அணைத்தபடி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எனக்காகக் காத்து நின்றாள். முக்கூடல் பக்கத்துச் சிற்றூர் அவளுடையது. அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தாய் பீடி சுற்றுகிறார். தந்தை வாழைத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவர் இதுவரை எவருமில்லை.

“எந்தக் காலேஜுக்குப் போடணும்னு சொல்லுங்க சார்” என்றாள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இக்கேள்வி புதிதன்று. வகுப்பாசிரியை நீட் எழுதிப் பார்க்கச் சொல்கிறார்; மாமா பொறியியல் என்கிறார்; தாய்க்குச் செவிலியர் படிப்பின்மேல் ஆசை; அவளுக்கோ கணிதம் படித்து ஆசிரியை ஆக வேண்டும் என்று எண்ணம். இவற்றையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் குரல் தழுதழுக்க ஒன்று கேட்டாள்: “எதுலயும் எடம் கெடைக்கலன்னா, நான் எதுக்கும் லாயக்கில்லன்னுதான சார் அர்த்தம்?”

முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாம் கேள்வியோ வீடு வரையிலும் என்னைத் தொடர்ந்து வந்தது. தேர்ந்துகொள்ளப்படாமை என்பது தகுதியின்மையா? தரவரிசைப் பட்டியல் ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பாகுமா? பார்வைக்குச் சிறு பெண்ணின் கலக்கமாகத் தோன்றும் இது, உண்மையில் நம் காலத்தின் ஆழமான அறக் கேள்விகளுள் ஒன்று.

இந்த அளவுகோலின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்ற பின்னர், தமிழகத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 1984இல் அறிமுகமாயிற்று. அத்தேர்வில் பெற்ற மதிப்பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் சேர்ந்தே பல்லாயிரம் பிள்ளைகளின் வரிசையை முடிவு செய்தன. நகர்ப்புறத்துப் பயிற்சி வகுப்புகளுக்குச் செல்ல இயலாத கிராமப் பிள்ளைகளுக்கு அது பாதகமானது என்று கருதப்பட்டு, 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது நீக்கப்பட்டது. மருத்துவப் படிப்புக்கோ 2017 முதல் நீட் தேர்வே அளவுகோல் ஆயிற்று. அவ்வாறாயின், ஒரே அறிவும் ஒரே உழைப்பும் கொண்ட ஒரு பிள்ளை, 2006இல் ஓரிடத்திலும், 2007இல் வேறோரிடத்திலும், 2017இல் இன்னோரிடத்திலும் நின்றிருக்கக்கூடும் அல்லவா? பிள்ளை மாறவில்லை; அளவுகோல்தான் மாறியது. அரசாணை ஒன்றால் மாறிவிடக்கூடிய எண், ஒருவரது மெய்யான மதிப்பு ஆவதெங்ஙனம்?

இன்னும் நுணுகிப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். பொறியியல் சேர்க்கையில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கட்ஆஃப் கணக்கிடப்படுகிறது. இருவர் ஒரே கட்ஆஃப் பெற்றால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுகின்றனர். பிறந்த நாள் வரையிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதிலும் இருவர் சமமாக நின்றால், விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் கணினி வழங்கியிருக்கும் ரேண்டம் எண் முடிவு சொல்லும். அதாவது, சீட்டுப் போடுகிறார்கள். மனிதர் வகுத்த அளவுகோல் தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் இடம் அது.

சீட்டு என்றதும் விவிலியம் நன்கறிந்த வாசகர்களுக்குத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம் நினைவுக்கு வரும். யூதாசின் இடத்தை நிரப்ப இருவர் நிறுத்தப்பட்டனர். ஒருவர் மத்தியா; மற்றவர் யுஸ்து என்னும் பெயருடைய யோசேப்பு. இறைவேண்டல் செய்தபின் சீட்டுப் போடப்பட்டது, மத்தியாவுக்கு விழுந்தது. மத்தியாவைத் திருச்சபை ஆண்டுதோறும் விழா எடுத்துக் கொண்டாடுகிறது. யுஸ்துவை நாம் மறந்துவிட்டோம். ஆனால் அந்த அதிகாரத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். யோவானின் திருமுழுக்குக் காலந்தொட்டு ஆண்டவரோடு உடன் நடந்தவர் என்பதே இருவருக்கும் பொதுவான தகுதி. இடம் கிடைக்காத பின்னரும் அத்தகுதி யுஸ்துவிடமிருந்து பறிக்கப்படவில்லை. அவரைக் குறைத்துப் பேசும் ஒரு சொல்கூட அங்கு இல்லை. இடம் ஒன்றே இருந்தது, ஆள் இருவர் இருந்தனர், அவ்வளவே. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நாம் தவறிவிட்டோம்.

தவறியதன் விலை சிறியதன்று. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா என்ற மாணவி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றவர், மருத்துவராக விரும்பியவர், உச்ச நீதிமன்றத்தின் கதவு வரை சென்று முறையிட்டவர். சேர்க்கை முறையின் நியாய அநியாயங்கள் பற்றிய வாதம் தேவையானது, அது தொடரட்டும். ஆனால் அதைக் கடந்தும் ஒரு கேள்வி நம் வீடுகளுக்குள் எழுந்தாக வேண்டும். இடம் இல்லை என்ற செய்தி, நீ வேண்டாம் என்ற செய்தியாக நம் பிள்ளைகளின் செவியில் விழுகிறதே, அதற்கு யார் பொறுப்பு? மதிப்பெண் கேட்டு முகம் மாறும் உறவினரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பெற்றோரும், முதல் மூவரின் படத்தை மட்டுமே பெரிதாக்கி வாயிலில் தொங்கவிடும் நாமும் அப்பொறுப்பில் பங்குடையோம்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அது நேர்மையான மறுப்பே. “ஓய்வூதியம் வாங்குகிற உமக்கு இது எளிது. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கண் வலிக்க இலை வெட்டும் தாய்க்கு, மகளுக்குக் கிடைக்கும் இடம் என்பது சோறு, நோயில்லாத முதுமை, அடுத்த தலைமுறையின் விடுதலை. இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றே என்று அவளிடம் சொல்வீரோ?” சொல்லமாட்டேன். இரண்டும் ஒன்றல்ல. இடம் கிடைப்பது நன்மை, கிடைக்காமை இழப்பு. ஆனால் இழப்பு வேறு, இழிவு வேறு. ஏழையின் அச்சம் மூடத்தனமன்று. அது வறுமை கற்பித்த கணக்கு. ஆதலால் அதற்கு மருந்து ஆறுதல் மொழி மட்டுமன்று; உதவியும் வேண்டும். இதனைப் பின்னர்ச் சொல்வேன்.

அப்படியானால் அம்மாணவி செய்ய வேண்டியது யாது? தன் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவது. ஆராய்வதும், கலந்து பேசுவதும், உழைப்பதும், காலம் தவறாமல் விண்ணப்பிப்பதும் அவள் கையில் உள்ளவை. அவை அவளது கடமை. அவற்றில் சோம்பினால் அது குற்றமே. எத்தனை இடங்கள், எத்தனை பேர், எந்த ஆண்டு எந்த விதி என்பன அவள் கையில் இல்லை. அவற்றிற்கு அவள் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. தாலந்து உவமையிலும் கண்டிக்கப்பட்ட பணியாள் ஈட்டிய தொகை குறைந்ததனால் கண்டிக்கப்படவில்லை. அஞ்சிப் புதைத்ததனாலேயே கண்டிக்கப்பட்டான். இரண்டு தாலந்து ஈட்டியவனும் ஐந்து ஈட்டியவனும் ஒரே பாராட்டைப் பெற்றனர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தில் ஒப்புக்கொண்ட திருவள்ளுவர், முயற்சியின் வலிமையை மற்றோர் அதிகாரத்தில் உயர்த்திப் பேசியதும் இத்தெளிவினாலன்றோ?

தேர்ந்துகொள்ளும் முறையைப் பற்றிப் புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் கூறுவன இன்றும் புத்தம் புதியனவாக உள்ளன. பலரும் முதலில் ஒரு பதவியை முடிவு செய்துவிட்டு, பின்னரே அதில் இறைவனுக்கு எப்படிப் பணி செய்யலாம் என்று எண்ணுகின்றனர். வழியை முடிவாகவும் முடிவை வழியாகவும் ஆக்கிவிடுகின்றனர் என்று அவர் எச்சரிக்கிறார். நாமும் அவ்வாறே பாடப்பிரிவை முதலில் முடிவு செய்துகொண்டு, நவநாளில் அதற்கு ஒப்புதல் கேட்கிறோம். மனம் இருண்டு கலங்கியிருக்கும் வேளையில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவரது மற்றோர் அறிவுரை. கடைசி நாளில், யாரோ சொன்னார்கள் என்று விருப்பப் பட்டியலைப் பதற்றத்தில் திருத்துவோர் இதனைக் கேட்க வேண்டும். நீ முன்பின் கண்டிராத ஒருவர் இதே நிலையில் உன்னிடம் வந்தால் என்ன அறிவுரை கூறுவாயோ, அதனையே நீயும் செய் என்பதும் அவர் காட்டும் வழி. அம்மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். சற்று நேரம் யோசித்தவள், “அந்தப் பிள்ளைய பி.எஸ்ஸி. மேத்ஸ் படிக்கச் சொல்வேன் சார். நர்ஸிங்குக்கும் ஒண்ணு போட்டு வைக்கச் சொல்வேன்” என்றாள். தாயின் ஆசையையும் அவள் கைவிடவில்லை.

காலம் கடந்துவிடுமோ என்னும் அச்சத்திற்கும் இஞ்ஞாசியாரின் வாழ்வே விடை கூறுகிறது. 1524இல், ஏறத்தாழ முப்பத்து மூன்று வயதில், பார்சலோனா நகரில் சிறுவர்களோடு சேர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கியவர் அவர். பாரிசுப் பல்கலைக்கழகத்தை அவர் எட்டியது 1528இல்தான். ஓராண்டு தாமதம் வாழ்நாள் தோல்வி என்று கருதும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

அதே பாரிசில் அவருக்குத் தோழரானவர் புனித சவேரியார். 1530இல் முதுகலைப் பட்டம் பெற்றுத் தத்துவம் கற்பித்த அவருக்கு உயர் பதவிகளுக்கான வாய்ப்புகள் திறந்தே இருந்தன. 1542இல் அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பகுதியிலும், அதன் தெற்கே மணப்பாட்டிலும் அவர் நடந்த தடங்கள் உண்டு. பாரிசின் பட்டதாரி, இங்கே மொழி தெரியாத மாணவராகி, மன்றாட்டுகளைத் தமிழில் மனப்பாடம் செய்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடலில், பாரிசுப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அன்பைவிடக் கல்வியை மிகுதியாகப் பெற்றோரிடம் பித்தரைப்போல் உரக்கக் கூவ வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாகக் குறிப்பிடுகிறார். கல்வி வேண்டாம் என்பது அவர் கருத்தன்று. அது யாருக்காக என்பதே அவர் கேள்வி. அவர் பெயரைத் தாங்கி 1923இல் பாளையங்கோட்டையில் எழுந்த கல்லூரியின் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் இக்கேள்வி என் நினைவுக்கு வரும். எந்தக் கல்லூரி என்னை ஏற்கும் என்ற கேள்வி பிறருடைய கையில் இருக்கிறது. என் கல்வியை யாருக்குக் கொடுப்பேன் என்ற கேள்வியோ முழுவதும் நம் கையில் இருக்கிறது. பின்னதற்கு விடை கண்டவரை முன்னதன் விடை முறித்துவிட முடியாது.

நம் ஆற்றைப் பாருங்கள். கன்னடியன் அணைக்கட்டில் கால்வாய்க்குள் திரும்பாத நீர் பயனற்ற நீரன்று. அது அரியநாயகிபுரத்திற்கும் சுத்தமல்லிக்கும் மருதூருக்கும் சென்று, ஸ்ரீவைகுண்டம் வரையிலும் வயல்களை நனைக்கிறது. மேல்மடையில் புகாத நீருக்காகக் கீழ்மடையில் ஓர் உழவர் காத்திருக்கிறார்.

இனி, முன்னே சொல்லாமல் விட்ட உதவியைப் பற்றிப் பேசுவோம். அன்று அவளுடைய உறையைத் திறந்து பார்த்தேன். சாதிச் சான்றிதழ் இருந்தது. வருமானச் சான்றிதழ் இல்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதலும் பொறியியல் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு என்பதும், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது என்பதும் அவ்வீட்டில் எவருக்கும் தெரியாது. படித்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் காற்றைப்போல் தானே கிடைக்கும் செய்திகள் இவை. அறியாமையால் இழக்கப்படும் ஓர் இடத்திற்கு அறிந்தும் சொல்லாதவர் பொறுப்பில்லையா?

ஒவ்வொரு பங்கிலும் பட்டதாரிகள் இருக்கிறோம். ஆசிரியர், வங்கிப் பணியாளர், செவிலியர் இருக்கின்றனர். மேத் திங்களில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கோயில் முற்றத்தில் ஒரு மேசையும் கணினியும் இட்டு, சாதி மதம் பாராமல் அவ்வூர்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை உடனிருந்து நிரப்பினால், அது நற்கருணைக் கொண்டாட்டத்தின் தொடர்ச்சியே ஆகும். நம் கல்வி நிறுவனங்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு நம்மிடம் இடம் உண்டா? உழைப்பின் மாண்பு செய்யும் வேலையின் வகையால் அன்று, செய்யும் மனிதராலேயே அமைகிறது என்று 1981இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். அதை நம்புவோமாயின், மருத்துவம் கிடைத்த பிள்ளைக்கு மட்டும் பொன்னாடை போர்த்தும் வழக்கத்தையும் சற்று மறுபரிசீலனை செய்தல் நலம்.

அம்மாணவி மூன்று படிப்புகளுக்கு விண்ணப்பிப்பதாக முடிவு செய்து சென்றாள். எது கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். மறு ஞாயிறு அவளைத் தாயோடு கண்டபோது, தாயும் கேட்கும்படி அதைச் சொன்னேன்: “இடம் கிடைத்தால் நன்றி சொல்வோம், கிடைக்காவிட்டால் வேறு வழி தேடுவோம். எதுவாயினும் நீ நீதான் அம்மா.” தாய் ஒன்றும் பேசவில்லை. பீடி இலையின் கறை படிந்த விரல்களால் மகளின் தலையைத் தடவினார். விண்ணப்பம் எழுதுவது பிள்ளையின் கடமை. முடிவு எதுவாயினும் அது அவள்மேல் தீர்ப்பாகிவிடாமல் காப்பது நம் கடமை.