தட்டிலா, தீட்டிலா?

உண்பது உரிமை, உண்ணாமையும் உரிமையே. முன்னதை ஒப்பிப் பின்னதை எள்ளி நகைப்பது பகுத்தறிவாகாது. ‘மரக்கறி உண்போன் எல்லாம் மனுவின் வழித்தோன்றல்’ என்று கூறிக் கைகொட்டும் இளைஞர் நம்மிலும் சிலர் உண்டு. கறி உண்பதால் மட்டும் ஒருவன் பகுத்தறிவாளன் ஆவதில்லை. காய் உண்பதால் மட்டும் ஒருவன் சனாதனி ஆவதுமில்லை.

நகரத்து நாகரிக விடுதிக்குச் செல்லும் மரக்கறியாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெண்துகில் விரித்த மேசை; வாயில் நுழையாத பெயர்கள் கொண்ட விலைப்பட்டியல். நண்பர்க்குப் பல வகை. அவர்க்கோ பன்னீரும் காளானும்! காய்கறிச் சூப் எனப்படுவது கோழி எலும்பு வெந்த நீரில் காய்ச்சியதாக இருக்கலாம். தாய்லாந்துக் குழம்பில் மீன் சாறு கலந்திருக்கலாம். இனிப்பில் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். ‘இதில் என்ன சேர்த்தீர்கள்?’ என்று அவர் கேட்டால், மழுப்பி அனுப்புவது முறையா? முறையன்று. உண்மை அறிந்து உண்ணும் உரிமை அவருக்கு உண்டு. அவருக்காக அந்த உரிமையைக் கேட்பதும் நம் கடமையே.

ஆனால் தோழர்களே, ‘என் தட்டில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி வேறு. ‘என் பக்கத்தில் யார் இருக்கிறார்?’ என்ற கேள்வி வேறு. முன்னது அறிவின் கேள்வி. பின்னது ஆணவத்தின் கேள்வி.

சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அது உணவின் பெயராயிற்று. அதன்மேல் ‘சுத்த’ என்னும் அடைமொழியும் ஏறிற்று. ஓர் உணவு சுத்தமென்றால் மற்றது என்ன? அதை உண்பவன் யார்? 2014-இல் நடுவணரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேர் புலால் உண்போர். அத்தனை பேரையும் அசுத்தர் ஆக்குகிறது அந்த ஒரு சொல்!

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்களா? சேரன்மாதேவி குருகுலத்தில் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி வைத்ததே சுயமரியாதைப் போருக்கு விதையாயிற்று. 1957-இல் திருவல்லிக்கேணி விடுதியொன்றின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை எதிர்த்தே பெரியார் களம் அமைத்தார். தொண்டர்கள் சிறை ஏகினர். பலகை போயிற்று, பழக்கம் போயிற்றா? 2018-இல் சென்னை ஐ.ஐ.டி. உணவகத்தில் புலால் உண்போர்க்கு ஒரு வாயில், உண்ணார்க்கு ஒரு வாயில். கைகழுவும் தொட்டியும் தனித்தனி! மாணவர் எதிர்த்தனர், அறிவிப்பு அகன்றது. 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் மரக்கறி உணவு கொணர்வோருக்குப் பச்சை உடை அறிவித்தது. சிவப்பு உடையினரைக் குடியிருப்புகள் வாயிலிலேயே தடுக்குமே என்ற கண்டனம் எழ, மறுநாளே உடை வேற்றுமையைக் கைவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு வண்டி ஓட்டும் ஏழையின் சட்டை நிறத்திலும் தீட்டைத் தேடியது இக்காலம்!

‘உயிர்களிடம் இரக்கம் கொள்வது குற்றமா?’ என்று கேட்கலாம். குற்றமன்று, உயர்ந்த குணம். புலாலை மறுத்த வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலை கண்டார். பசித்து வந்தவனிடம் சாதியைக் கேளாது சோறிட்டது அச்சாலை. அது இரக்கம். இரக்கம் விலங்கின் துன்பத்தை நோக்கும். அருவருப்பு மனிதனின் பிறப்பை நோக்கும். இரண்டும் ஒரே இலையில் உண்ணலாம், ஒன்றாகி விடா.

எனவே அளவுகோல் இது: மரக்கறி மட்டும் விற்கும் விடுதி இருக்கட்டும்; பிழையில்லை. தனிச் சட்டியில் சமைக்கச் சொல்லட்டும், தவறில்லை. தனி வாயில் கேட்டால், தனிப்பந்தி கேட்டால், புலால் உண்போனுக்கு வீடில்லை என்றால், அது உணவு விருப்பமன்று. பழைய தீண்டாமைக்குப் புதிய பெயர்.

இளைஞனே! மரக்கறி உண்ணும் நண்பனை உன் மேசைக்கு அழை. அவன் தட்டை மதி. உன் தட்டை மறைக்காதே. தட்டு இரண்டாயிருக்கலாம், பந்தி ஒன்றாயிருக்க வேண்டும்.