மிதவைக் கிண்ணம்

குளச்சல் கரை. ஆனி மாதக் காற்று. ஃபைபர் வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடக்கின்றன. கழற்றிய எஞ்சின் மரச்சட்டத்தில் தொங்குகிறது. டூ ஸ்ட்ரோக், 9.9 குதிரைத்திறன்.


கயிற்றை இழுத்தால் ஒரு செருமல்.

பிறகு ஒன்றுமில்லை.


இன்னும் இழுக்கச் சொல்கிறது கை. இழுத்தால் பிளக் நனையும்.


பிளக்கின் நுனி. செங்கல்பொடி நிறம் என்றால் நன்றாக எரிகிறது. வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் கூடிப்போயிருக்கிறது.

இது கறுப்பு.


எரிபொருள் குழாயின் நடுவே ரப்பர் உருண்டை. அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து. அழுத்த அழுத்த இறுகுகிறது, காற்று எங்கும் நுழையவில்லை. ஓட்டத்தில் அது சப்பிப்போனால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறக்கவில்லை என்று பொருள். பாதிக் கடலில் நிற்பதற்கு எவ்வளவு சின்னக் காரணம்.


தொடங்கப் பெட்ரோல். ஓட மண்ணெண்ணெய். குளிர்ந்த சிலிண்டரில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாவதில்லை. கரை நெருங்கும்போது குழாயை மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புகிறார்கள். கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிஞ்சுவது பெட்ரோலாக இருந்தால்தான் மறுநாள் கயிற்றுக்கு எஞ்சின் பேசும்.


மண்ணெண்ணெய் மலிவு என்கிறார்கள். பிஸ்டன் தலையில் படியும் கரியைச் சுரண்டுகிற கூலி யார் கணக்கிலும் வருவதில்லை.

பெட்ரோலுக்கென்றே செய்த எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால் உள்ளே தட்டுகிற சத்தம். மண்ணெண்ணெய் எஞ்சினில் அழுத்த விகிதம் குறைவு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்.


கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்துகிறேன். கண்ணாடிக் குவளையில் சொட்டுகிறது.

மேலே எண்ணெய் நிறத்தில் பெட்ரோல். அடியில் நிறமில்லாத ஒரு பட்டை. நடுவே கோடு.

குவளை சாய்கிறது. கோடு சாயவில்லை.


பங்க்கில் வரும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் ஈரத்துக்கு என்ன குறை. ஓரளவு தண்ணீர் கலந்தே நிற்கிறது. அளவு மீறினால் எத்தனாலையும் கூட்டிக்கொண்டு அடிக்கு இறங்குகிறது.

50:1 என்று, லிட்டருக்கு 20 மில்லி அளந்து ஊற்றிய எண்ணெய் மேலேயே தங்கிவிடுகிறது. அடியில் இருப்பதைக் குடித்து எஞ்சின் ஓடினால் எண்ணெய்ப்பசை இல்லாமல் ஓடும்.


அசையாமல் இருப்பது மனதுக்குப் பிடிக்கிறது. கார்புரேட்டருக்குப் பிடிப்பதில்லை.


பைலட் ஜெட். துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறேன். இருட்டு.

பெட்ரோலில் இலேசானது எல்லாம் பறந்துபோய், மிஞ்சியது பிசினாக ஒட்டியிருக்கிறது. சோக் இழுத்தால் மட்டும் உயிர் வருகிற எஞ்சினில் பெரும்பாலும் இந்தத் துளைதான்.

கம்பி விட்டுக் குத்தலாம் என்று ஒரு நினைப்பு. வந்து போகிறது. குத்தினால் துளை பெரிதாகும். பெரிதானது பெரிதானதுதான்.

கிளீனரில் ஊறுகிறது.


மூக்கில் இன்னும் பெட்ரோல் வாடை. விரல் இடுக்கில் உப்பு.


நாள்கணக்கில் நிறுத்துவதற்கு முன், டிரம் தண்ணீரில் எஞ்சினின் கீழ்ப்பாகத்தை இறக்கி, எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு ஓடவிடுகிறார்கள். குளிரூட்டும் நீர் பக்கத்துத் துளையில் பீய்ச்சுகிறது. சத்தம் ஏறி, தடுமாறி, தானே நிற்கிறது. கிண்ணம் காலி.

பிசினாவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.


டேங்க்கைக் குலுக்கிப் பார்க்கிறேன். பிரிந்தது சேரவில்லை. மேலே நிற்கும் பெட்ரோலிலிருந்து எத்தனால் போய்விட்டது, அதோடு ஆக்டேனும். புதிதாக ஊற்றி ஒப்பேற்ற முடியாது. முழுவதையும் கொட்டத்தான் வேண்டும்.

எங்கே கொட்டுவது. மணலில் வேண்டாம். ஓடையிலும் வேண்டாம். இப்போதைக்கு மூடி போட்ட கேனில், வெயில் படாத பக்கம்.