பூனையும் தொழுகைப் பாயும்

தொழுகைப் பாயில் பூனை சிறுநீர் பெய்துவிட்டதாம். அதைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிடச் சொல்கிறாராம் வீட்டுக்காரர். "அதன் எச்சில் நஜீஸ் இல்லையே, சிறுநீர் மட்டும் எப்படி?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்கள்.

அபூகதாதா (ரலி) அவர்கள் பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த ஹதீஸ் எச்சிலைப் பற்றியதே. சிறுநீர் நஜீஸ்தான். ஈரத்துணியால் துடைத்தால் போதாது. முதலில் ஈரத்தை ஒற்றியெடுத்து, வாடை போகும்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மண் கலந்து ஏழுமுறை கழுவுவது ஷாபிஈ மத்ஹபில் நாய்க்கும் பன்றிக்கும் உரிய சட்டம்; பூனைக்கல்ல.

வாடை மிஞ்சினால் பூனை அதே இடத்துக்குத்தான் வரும். நம் மூக்குக்குத் தெரியாதது அதற்குத் தெரியும். மணல் தட்டை அன்றாடம் சுத்தம் செய்யாவிட்டால் அதில் கால் வைக்காது. முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அது நோய். ஆண்பூனையானால் ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இது தெரியாமல் நானும் ஒருமுறை விளக்குமாற்றை ஓங்கியவன்தான்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நரகம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள் என்றேன். பாயைத் தொழுததும் சுருட்டிப் பரண்மேல் வைக்கவும் சொன்னேன்.