திலகவதியார் திறந்து வைத்த வாயில்

சைவாசிரியர்காள்!

திருநாவுக்கரசு நாயனார் சரித்திரத்தை நாம் வருடந்தோறும் படிப்பித்து வருகின்றோம். சூலைநோய் தீர்ந்த அற்புதத்தைச் சொல்லி மகிழும் நாம், அதனோடு சேர்ந்த இரண்டு செயல்களை விரைந்து கடந்துவிடுகின்றோம். இன்று அவற்றிலே சற்றுத் தங்குவோம்.

தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரிலே இறந்தமை கேட்டுத் திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது இளையராகிய மருணீக்கியார் அவரடியில் வீழ்ந்தழுது, தாய்தந்தையரை இழந்த தமக்கு அவரன்றி வேறொருவரும் இல்லையென்று சொல்லித் தடுத்தார். அம்மையார் தம்பியார்பொருட்டு உயிர் தாங்கினார். பின்னர் அம்மருணீக்கியார் ஊரை நீங்கிச் சமணப் பள்ளியிற் கற்றுத் தருமசேனர் என்னும் தலைமை பெற்றார். சூலை பற்றியபோது அக்கல்வியும் தலைமையும் உதவவில்லை. சமைப்பவனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். பின்பு இரவிலே தாமே திருவதிகைக்கு வந்து அவரடியில் வீழ்ந்தார். அம்மையார் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். ‘ஏன் போனாய்’ என்று அவர் கடிந்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறினாரல்லர்.

நம்மிடம் படித்துச் சர்வகலாசாலை புகும் பிள்ளைக்கு அத்தகைய வாயில் எங்கேயுள்ளது? பதின்மூன்று வருடம் தமிழிலே கற்றவன் ஒரே மாதத்தில் ஆங்கில விரிவுரை கேட்கின்றான். வகுப்பில் முதலாயிருந்தவன் முதல்வர் கூட்டத்தில் நடுவனாகின்றான். வாடகையறையில் உறக்கமும் உணவும் நெறி கெடுகின்றன. தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வந்து பயிலும் சிங்களப் பிள்ளைக்கும் இது பொதுவே. இவற்றின்மேற் பகிடிவதை. 1997 இல் பேராதனையில் எந்திரவியல் பயிலப் புகுந்த தமிழ் மாணாக்கனொருவன், மூத்த மாணாக்கர் பலவந்தமாகச் செய்வித்த தேகப்பயிற்சியாற் சிறுநீரகம் பழுதுற்று இறந்தான். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. ஆயினும் அஞ்சி வாய்மூடியிருப்பவனைச் சட்டம் தானே தேடி வருவதில்லை.

நம்மவருட் சிலர், பிள்ளை சோர்ந்தான் எனக் கேட்டவுடன், ‘பிராரத்தவினை, அநுபவித்தே தீரவேண்டும்’ என்று வாளாவிருப்பர். பசியும் வினைவழியே வருவது. அதற்காக அடுப்பை மூட்டாது விடுவாருளரோ! உடம்பினுள்ளே இறைவன் உறைதலை உணர்ந்து அதனைப் பேணினாரென்று திருமூல நாயனாரைப் போற்றும் நாம், மனநோய்க்கு வைத்தியரை நாடுதலை மாத்திரம் இழிவெனக் கருதுவது எந்நூல் விதி?

கேட்டறியும் முறையும் உண்டு. 2001 இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ‘பி.எச்.கியூ-9’ என்னும் வினாத்தாள் பல நாடுகளில் வழங்குகின்றது. கடந்த இரண்டு கிழமைகளில் ஊக்கமின்மை, உறக்கக்கேடு, பசிமாற்றம், தன்னை வெறுத்தல் முதலியன எத்தனை நாள் வருத்தின என்று ஒன்பது வினாக்கள் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேலாயின் வைத்தியர் ஆராய்தல் வேண்டும். அத்தாள் நோயை நிச்சயிப்பதன்று, ஐயத்தை எழுப்புவது. ஒன்பதாம் வினா, இறத்தல் நலமென்னும் எண்ணம் வந்ததோ என்பது. அதைக் கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைப்போம் என்று அஞ்சற்க; ஆராய்ச்சிகள் அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. ‘ஆம்’ என்பானாயின் அவனைத் தனியே விடாது, அன்றே வைத்தியரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தையும் பிள்ளைகள் போகுமுன்பே எழுதிக் கொடுத்துவிடுக.

யான் மிஷன் பாடசாலை விடுதியில் வளர்ந்தவன். அவர்கள் சமயம் எனக்கு ஒவ்வாததாயினும், விடுதிப் பொறுப்பாசிரியர் இரவிலே விளக்கோடு கட்டில்தோறும் வந்து பார்த்ததை மறந்திலேன். அவ்வழக்கத்தை நாம் கைக்கொள்ளுதல் குற்றமாகாது.

அதை யானே கைக்கொள்ளாத நாளுமுண்டு. சில வருடங்களுக்கு முன் என் மாணாக்கனொருவன் விடுமுறையில் வந்து முற்றத்தில் நெடுநேரம் நின்றான். மெலிந்திருந்தான். ‘பரீட்சை எப்படி?’ என்றேன். ‘பரவாயில்லை, சேர்’ என்றான். புள்ளியை மாத்திரம் விசாரித்து அனுப்பினேன். அடுத்த தவணைக்கு அவன் திரும்பிப் போகவில்லை. இப்பொழுது தகப்பனாரின் கடையிலே இருக்கின்றான். என்னைக் கண்டால் எழுந்து நிற்கின்றான். அன்று வேறென்ன சொல்ல வந்தாய் என்று கேட்க எனக்கு இரண்டு வருடம் சென்றது. ‘ஒன்றுமில்லை சேர், கொஞ்சம் இருந்து கதைக்க வந்தனான்’ என்றான்.

இவ்வருடம் எம் பாடசாலையிலிருந்து எழுவர் போயிருக்கின்றனர். பூரணைதோறும் ஒவ்வொருவரோடும் தொலைபேசியிற் பேசுகின்றேன். முதலிற் கேட்பது, இரவு என்ன சாப்பிட்டாய் என்பதே.