தணிந்தது அழிந்ததன்று

காரணத்தில் அடங்கியுள்ளதே காரியமாய் வெளிப்படும் என்பது நம் சற்காரியவாதம். கரிபியன் கடலிலுள்ள மான்செராட் தீவின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அத்தீவின் சூஃப்ரியர் எரிமலையைச் சூழ 1897, 1933, 1966 ஆகிய ஆண்டுகளிற் சிறு நிலநடுக்கங்கள் தொடங்கின. மும்முறையும் அவை தணிந்தன, மலை வெடித்திலது. பாறைக்குழம்பு மேலெழ முயலுங்கால் மேற்பாறை பிளந்து அதிர்தலே அந்நடுக்கம். 1992-இல் நிலம் மீண்டும் அசைந்தது. 1995 ஜூலை 18-இல் மலை வாய்திறந்தது. தலைநகராகிய பிளிமத் பின்னர்ச் சாம்பலிற் புதைந்தது. விலக்கப்பட்ட நிலத்தில் இருந்தோருள் 19 பேர் 1997 ஜூன் 25-இல் அனல்முகிலால் மாண்டனர். பயிரைப் பேணச் சென்ற உழவரும் அவருள் உளர்.

இஃது அவர்தம் தீவினைப்பயன் எனத் தீர்ப்புரைத்தல் சைவர்க்கு அடாது. பிறர்வினையை அளக்குங்கோல் நம் கையில் இல்லை. அதனை அறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே.

நாம் கொள்ளத்தக்கது நம்மைப் பற்றியதே. சினமும் அவாவும் சின்னாள் அடங்கியிருப்பின், மலம் கழிந்ததென்று மயங்குகின்றோம். தணிந்தது அழிந்ததன்று. துறவியர்க்கும் இல்லறத்தார்க்கும் இஃது ஒக்கும். உள்ளத்தின் சிற்றசைவை அன்றே உணர்ந்து திருவடியை அடைதல் வேண்டும். அவ்வுழவர் ஒதுங்குதற்கு வேற்றுநிலம் அரிதாயிற்று. நமக்கோ அந்நிழல் என்றும் உளது.