அவரோகணம் பாடும் பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் இரவு தங்கியவரை விடியலில் ஒரு சின்னக் குருவி எழுப்பிவிடும். கேன்யன் ரென் என்று அதற்குப் பெயர். சிட்டுக்குருவியின் எடைகூட இராது. ஆனால் குரல் பாறைச் சுவர்களில் பட்டு நெடுந்தூரம் போகும். உச்சத்தில் தொடங்கி, ஸ்வரம் ஸ்வரமாக இறங்கி, இறங்க இறங்க நிதானம் கூடி, வெறும் அவரோகணமாகவே பாடி முடிக்கும். ஆளைத் தேடினால் அவ்வளவு எளிதில் அகப்படாது. தட்டையான மண்டையும் நீண்டு மெலிந்த அலகும் பாறை இடுக்குக்கென்றே வாய்த்தவை. அங்கே ஒளிந்திருக்கும் சிலந்தியும் பூச்சியும்தான் அதன் உணவு. அது தண்ணீர் குடித்துப் பறவையியலாளர்கள் பார்த்ததில்லை. இரையின் உடலில் உள்ள ஈரத்தைக் கொண்டே பாலையில் வாழ்ந்துவிடுகிறது.

அந்தக் குருவி பாடும் திசையில்தான் மனிதனும் அங்கே நடக்க வேண்டியிருக்கிறது. மேலிருந்து கீழே.

1963-இல் காலின் ஃப்ளெட்சர் அப்படி இறங்கினார். வேல்ஸில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை வீரர், அப்போது வயது 41. அன்றைய கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் நீளம் முழுவதையும் விளிம்புக்குக் கீழேயே, ஒரே பயணமாக, தன்னந்தனியாக நடந்து கடந்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்கிறார்கள். இரண்டு மாத நடை. உணவில் ஒரு பகுதியை முன்கூட்டியே வழியில் ஒளித்து வைத்திருந்தார். மீதியைச் சிறு விமானம் பாராசூட்டில் போட்டது. 1968-இல் அந்த நடையைப் புத்தகமாக எழுதியபோது, காலத்தின் ஊடாக நடந்த மனிதன் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்.

தலைப்பில் மிகை எதுவும் இல்லை. விளிம்பில் காலுக்குக் கீழே இருப்பது சுமார் 27 கோடி ஆண்டுப் பழைய கைபாப் சுண்ணாம்புப் பாறை. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், தண்ணீர் தேடி அலையும் நிலத்தில், கல்லுக்குள் கடற்சிப்பிகள் கிடக்கின்றன. சற்று இறங்கினால் வெளிறிய கோகோனினோ மணற்பாறை. அது ஒரு காலத்தில் பாலைவன மணல்மேடு. காற்று சரித்துவிட்ட மணலின் சாய்கோடுகள் கல்லில் அப்படியே நிற்கின்றன. அந்தச் சரிவில் நாலுகால் பிராணிகள் ஏறிப்போன தடங்களும் உண்டு. டைனோசர்கள் தோன்றுவதற்கு முந்தைய பிராணிகள் அவை. நேற்று மாலை நடந்து போனதுபோல விரல் விரலாகத் தெரியும். தனியாக வருபவர் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். கூட்டமாக வந்தால் அது கிட்டாது, யாராவது ஒருவர் கிளம்பலாம் என்று எழுந்துவிடுவார்.

இன்னும் கீழே ரெட்வால் என்னும் செஞ்சுவர். நூற்றைம்பது மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிற்கும் இந்தப் பாறை உள்ளே சாம்பல் நிறம்தான்; மேலடுக்குகளிலிருந்து மழைநீரில் வழிந்த இரும்புத்துரு அதற்குச் சிவப்புப் பூசியிருக்கிறது. ஆற்றை நெருங்கும்போது கருத்த விஷ்ணு பாறை வரும். 1800-களின் கடைசியில் இங்கே ஆய்வு செய்த நிலவியலாளர்கள் சிகரங்களுக்குக் கீழைநாட்டுக் கடவுளரின் பெயர்களைச் சூட்டினார்கள். அப்படி வந்த பெயர். வயது சுமார் 170 கோடி ஆண்டு. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மணற்பாறைக்கு 50 கோடி சொச்சம்தான். நடுவில் இருந்திருக்க வேண்டிய 120 கோடி ஆண்டுக் கல்லைக் காணவில்லை, அரித்துப் போய்விட்டது. இரண்டும் சேரும் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தால், அத்தனை காலமும் கைக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவையும் வெட்டித் திறந்து காட்டியது கொலராடோ ஆறு. ஐந்தாறு மில்லியன் ஆண்டு வேலை.

ஃப்ளெட்சர் நடந்த இரண்டு மாதமும் அவர்மேல் விழாத நிழல் ஒன்று உண்டு. கலிஃபோர்னியா காண்டோர், நம் பாறுகளைப் போலச் செத்த விலங்கைத் தின்று வாழும் பறவை, சிறகை விரித்தால் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். 1924-க்குப் பிறகு அரிசோனாவில் அது கண்ணில் படவே இல்லை. பள்ளத்தாக்கின் குகைகளில் அதன் எலும்பும் முட்டை ஓடும் மட்டும் கிடந்தன, பனியுகக் காலத்தவை. 1987-இல் உலகம் முழுவதற்கும் மிஞ்சியவை 27. கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துத்தான் இனத்தைப் பெருக்கினார்கள். 1996 டிசம்பரில் கேன்யனுக்கு வடகிழக்கே வெர்மிலியன் குன்றுகளில் ஆறு பறவைகளைத் திறந்துவிட்டார்கள். வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் இறைச்சியில் சிதறிய ஈயக்குண்டுத் துணுக்குகள் இன்றும் அவற்றைக் கொல்கின்றன. 2023-இல் பறவைக் காய்ச்சல் இந்தக் கூட்டத்தில் 21-ஐக் கொண்டுபோனது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவைக்கு அது எத்தகைய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் திறந்துவிட்ட பறவைகள் அதற்கு முன்பே இனம் பெருக்கத் தொடங்கியிருந்தன. 2003-இல், கிராண்ட் கேன்யனின் ஒரு பாறைக் குகையில் பொரிந்த குஞ்சு, ஏறத்தாழ ஆறு மாத வயதில் வெளியே பாய்ந்து பறந்தது.

இன்றைக்குச் செஞ்சுவரின் நிழலில் பையை இறக்கி வைத்துத் தனியே உட்காருபவர், கொஞ்சம் பொறுத்திருந்தால், பாறைமேல் பெரிய நிழல் ஒன்று வழுக்கிப் போவதைக் காண்பார். காண்டோருக்குப் பாடும் குரல் கிடையாது. சிறகின் நுனி இறகுகளில் காற்று சீறும் ஓசைதான் கேட்கும். அண்ணாந்து பார்த்தால், விரித்த சிறகில் கட்டிய அட்டையில் அதன் எண்ணைப் படித்துவிடலாம்.